ஏழாவது மாடி ஆங்கர்

இனி இந்த மண்ணில் எவரும் உயரத்திலிருந்து விழப்போவதில்லை என்ற மாபெரும் செய்தி, காலை பத்தேகாலுக்கு, ஏழாவது மாடி மொட்டைத்தளத்தில் மைக் வைத்து அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் பாதுகாப்பு அதிகாரி லோகிதாசன். கேட்டவர்கள் இருபத்திரண்டு பேர். வெயிலில் நின்றார்கள்.

கைப்பிடிச் சுவரில் அவர் தம் கையாலேயே துளையிட்டு ஆங்கர் என்ற இரும்புக் கொக்கியை முடுக்கினார். பெல்ட்டின் கயிற்றை இதில்தான் மாட்ட வேண்டும், ஆள் சறுக்கினால் பிடித்துக்கொள்ளும், இரண்டு டன் தாங்கும் என்றார். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள்.

பூச்சு வேலைக்காரன் ஏழுமலை மட்டும் தட்டவில்லை.

துளை விழுந்த இடம் அவனுக்குத் தெரியும். போன மாதம் வரை அது சாரக் கழி செருகியிருந்த குழி. சாரத்தைப் பிரித்த கையோடு, இருட்டுவதற்குள் முடி என்று மேஸ்திரி நெருக்கியதில், சிமெண்டுச் சாக்கைச் சுருட்டி உள்ளே திணித்து மேலே பூசியவன் அவன்தான்.

மழமழவென்று பூசியிருந்தான்.

"யோவ் ஏழுமலை. கை தட்டாத தொரை. வா, இதுல மாட்டிக்கிட்டு வெளிய தொங்கு. போட்டோ எடுக்கணும்" என்றார் லோகிதாசன்.

சாக்கு விஷயத்தைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவனே போவான்.

ஆங்கர் தாங்குமா என்று இழுத்துப் பார்க்கிற மீட்டர் இருக்கிறதே, முதலில் அதை வைத்துப் பார்க்கலாமே என்று மட்டும் கேட்டான்.

மீட்டர் அவர் காலடியில் சிவப்புப் பெட்டிக்குள் சீலோடு இருந்தது. வாங்கி இரண்டு வருடம். சீலை உடைத்தால் ஆடிட்டில் கேள்வி வரும். ஆங்கர் சோதனையில் தேறியது என்ற சான்றிதழில் காலையிலேயே கையெழுத்தாகிவிட்டது.

"எனக்கே க்ளாஸ் எடுக்கிறியா? உன்ன மாதிரி ஆளுங்க விழறதாலதான்யா எனக்கு இந்த வேலையே."

யாரோ சிரித்தார்கள்.

அவன் கயிற்றை ஆங்கரில் மாட்டினான்.

மறுமுனையைத் தன் பெல்ட்டில் மாட்டவில்லை. சிவப்புப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினான்.

எட்டிப் பார்த்தான். கீழே மணல் குவியல். ஆள் இல்லை.

"மொதல்ல இது தொங்கட்டும் சார்."

விட்டான்.

கயிறு ஒரு கணம் விறைத்தது. பிறகு ஆங்கர், உள்ளங்கை அகலப் பூச்சோடும் சாக்குக் கிழிசலோடும், பெட்டியின் பின்னாலேயே போனது.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

லோகிதாசன் ஏழு மாடி இறங்கிப் போய்ப் பார்த்தார்.

சீல் உடையவில்லை.