இரண்டாவது சரணம்

பரணில் கிடந்த இசைத்தட்டுகளை இறக்கி, புதிதாக வாங்கிய பிளேயரில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது கோமளா அக்கா வந்தாள். அவளுக்கு உயிரான தட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். தட்டைக் கீறியது அவள்தான் என்று முடிவான அன்று, இனிமேல் பாட்டுக் கேட்பதானால் இப்படித்தான் நிற்கவேண்டும் என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். அப்போது அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு ஒன்பது. இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு.

“உக்காருக்கா. நீயே முள்ள வை.”

“வேணாம்டா. என் கையப் பத்தித்தான் தெரியுமே” என்று சிரித்தாள்.

நானே வைத்தேன். இரண்டாவது சரணத்தில் முள் என் கீறலில் மாட்டிக்கொண்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். நான் கீறினதா ஞாபகமே வரலடா. ஆனா நீ கண்ணால பாத்தேன்னு சொன்னியே. அப்ப நாந்தான் கீறியிருக்கணும்.”

பாட்டு அதே சொல்லில் நின்றது. முள்ளைத் தூக்க எனக்குக் கை எழவில்லை. அவள் கைகள் பின்னால்தான் இருந்தன.