இருபது செகண்டு

"இருபது செகண்டுன்னா இருபது செகண்டுதான் அபிநயா. இதை இன்னும் எத்தனை தடவ சொல்றது?"

ஆதிமூலம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையிலிருந்து இந்தப் பேச்சு நான்காவது முறை.

செங்கம் ரோட்டில் ஒரு டுடோரியலின் கம்ப்யூட்டர் அறை அது. பத்தாம் வகுப்புக்கான வினாடி வினா விளையாட்டு ஒன்று ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட்டில் ஏற வேண்டும். கேள்விகள் அறிவியல் வாத்தியார் ஆதிமூலம் எழுதியவை. புரோகிராம் கம்ப்யூட்டர் டீச்சர் அபிநயா செய்தது. நாலு விடையில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிற ஆட்டம் இல்லை. விடையை டைப் அடிக்க வேண்டும். அதுவும் ஆதிமூலத்தின் யோசனைதான்.

"நாப்பது குடுக்கலாம் சார். பசங்க திணறுறாங்க."

"வீட்ல உக்காந்து ஆடற ஆட்டம்மா இது. நேரம் ஜாஸ்தியானா புஸ்தகத்தப் பொரட்டி எழுதுவான். அப்புறம் எதுக்குக் கேள்வி, எதுக்கு நான்?"

"இனியாவையாவது பாருங்க சார். அவளுக்கு விடை தெரியும். டைப் பண்ணத்தான் நேரமாவுது."

மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இனியா நிமிரவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து வருகிற பெண். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இந்தச் சோதனை ஆட்டத்தில் முதல் ஐந்து இடம் பிடிப்பவர்களுக்குக் கோடை வகுப்பு இலவசம் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. காசு கட்டிச் சேர அவள் வீட்டில் வழியில்லை. அவள் ஏழாவது இடத்தில் இருந்தாள். பட்டியல் இன்று சாயங்காலம் ஆபீசுக்குப் போகிறது.

"எனக்கு அம்பத்தி நாலு வயசு. கீபோர்டைத் தொட்டே மூணு வாரந்தான் ஆவுது. ஒத்த வெரல்ல அடிக்கறேன். பத்துக்குப் பத்து வருதா இல்லையா?"

"வருது சார்."

"அப்ப இவளுக்கு ஏன் வராது? பழகறதில்ல. அவ்ளோதான்."

முதல் நாள் மாணவர்கள் முன்னால் இரண்டே கேள்வியில் தோற்று, அவர்கள் சிரித்ததைக் கேட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான் அவர். மறுநாளிலிருந்து பத்துக்குப் பத்து. குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பார். விடாமுயற்சிக்கு உதாரணம் சொல்ல வேறு எங்கேயும் போகவேண்டாம் என்று வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இங்க வாம்மா. என் சீட்ல உக்காரு. என் பேரு போட்டு ரெடியா இருக்குது. அதுலயே ஆடு. எப்படி வரலைன்னு நானே பக்கத்துல நின்னு பாக்கறேன்."

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்?"

"இன்னிக்குப் பௌர்ணமி சார். கிரிவலக் கூட்டம் ஏர்றதுக்குள்ள பஸ் புடிக்கணும்."

"பாத்தியா அபிநயா? முயற்சி பண்ணவே மனசில்ல. இந்தப் பொண்ணுக்குத்தான் நீ காலைலேருந்து வக்காலத்து வாங்கற."

அபிநயா அவசரமாகக் கிட்டே வந்தாள். "அவ பேருலயே போட்டுத் தர்றேன் சார், ஒரு நிமிஷம்."

"யாரு பேருல ஆடுனா என்ன, கேள்வி அதேதான? நகரு நீ."

இனியா உட்கார்ந்தாள். ஆதிமூலம் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாவரம் உணவு தயாரிக்கும் முறைக்கு என்ன பெயர்? தேடித் தேடி 'ஒளிச்சேர்க்கை' என்று அடித்தாள். சரி. அடுத்தது சரி. அதற்கடுத்ததும். கடைசியில் பத்துக்குப் பத்து.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இத்தினி நாளா எங்க போச்சு இது? சரி, இப்ப உன் பேருல ஆடு. பட்டியல்ல மாத்திடறேன்."

அவள் பெயரில் ஆட்டம் தொடங்கியது. இரண்டாவதாக அதே ஒளிச்சேர்க்கை வந்தது. பாதி அடிப்பதற்குள் திரை சிவந்தது. நேரம் முடிந்துவிட்டது.

"என்னம்மா, வெளையாடறியா? இப்பத்தான இதே விடைய அடிச்ச?"

இனியா அபிநயாவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினாள்.

அது அவர் கண்ணில் பட்டுவிட்டது. "ரெண்டு பேரும் என்ன மறைக்கறீங்க?"

அபிநயா ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உங்க பேருல வந்தா மட்டும் கடியாரம் மெதுவா ஓடும் சார். இருபதுன்னுதான் காட்டும். ஆனா ஓடறது அறுபது."

ஆதிமூலம் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. விடாமுயற்சிக் கதையை எந்தெந்த வகுப்பில் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார். எல்லா வகுப்பிலும் சொல்லியிருந்தார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது நாள்லேருந்து சார்."

"யாரைக் கேட்டும்மா இப்படிப் பண்ண?" குரலில் காலையிலிருந்த வேகம் இல்லை.

"நானாப் பண்ணல சார். மொத நாள் பசங்க சிரிச்சாங்களே, அன்னிக்கு சாயங்காலம் இனியாதான் எங்கிட்ட வந்து நின்னா. 'சாருக்கு விடை தெரியும் மிஸ். டைப் பண்ணத்தான் நேரமாவுது. அவருக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி குடுங்க'ன்னு கேட்டா."