முப்பது நாள் உத்தரவாதம்

“மறுபடியும் செத்துடுச்சா?”

அந்தப் பெண் கவுன்ட்டரில் வைத்த தொட்டியைப் பார்த்தாள் செடிக்கடை சூப்பர்வைசர். இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கியது. வாங்கி இருபத்தாறு நாள்.

“ஆமா மேடம். மாத்திக் கொடுங்க.”

முப்பது நாளுக்குள் வாடினால் வேறு செடி இலவசம் என்று கடையில் போர்டு மாட்டியிருந்தது. மாட்டிய முதலாளி இப்படியும் ஒருத்தி வருவாள் என்று நினைத்திருக்க மாட்டார். இது நாலாவது செடி.

“தண்ணி எப்படி ஊத்தறீங்க?”

“வாரத்துக்கு ரெண்டு தடவை.”

“வெளிச்சம்?”

“ஜன்னலோரம்தான் மேடம்.”

பதில் கிளிப்பிள்ளை மாதிரி வந்தது. சூப்பர்வைசர் மண்ணுக்குள் விரலை விட்டாள். சேறு. அழுகின வேரின் நாற்றம் குப்பென்று அடித்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள்!

தண்ணீர் அதிகமாகி அழுகினால் மாற்றித் தர முடியாது. அதுவும் போர்டில் இருந்தது, சின்ன எழுத்தில்.

“வீட்டுக்கே வந்து பார்க்கறோம். அந்த சேவையும் இலவசம்தான்.”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. “உங்களுக்கு எதுக்கு சிரமம்?”

“சிரமமே இல்ல. சாயங்காலம் வர்றேன்.”

மூன்றாவது மாடி. கதவு திறந்ததும் காலில் ஈரம் பட்டது. ஜன்னலோரம், கடைக்கு வந்து திரும்பிய அதே செடி. பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் மக்.

“மண்ணு காஞ்சு கிடக்கு பாரும்மா. இந்த வீட்டுல ஒருத்தருக்கும் அக்கறை இல்ல” என்று மக்கைக் கவிழ்த்தார். தொட்டி வழிந்து தரையில் ஓடியது. உள்ளே போய் மக்கை நிரப்பிக்கொண்டு வந்தார்.

“மண்ணு காஞ்சு கிடக்கு பாரும்மா.”

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் மாமனார். நாப்பது வருஷம் பார்க்குல தோட்டக்காரர். இப்ப என் பேரு தெரியாது, பெத்த பிள்ளை முகம் தெரியாது. செடிக்குத் தண்ணி ஊத்தணும்கிறது மட்டும் ஞாபகம் இருக்கு. ஊத்தினதுதான் ஞாபகம் இல்ல.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா மாத்தித் தர மாட்டீங்களே. பொய் சொன்னது தப்புதான் மேடம். இனிமே வரல.”

சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“தண்ணிக்குள்ளயே வளர்ற செடி இருக்கு. ஜாடியில வெச்சா போதும், அழுகவே அழுகாது. அதைத் தரட்டுமா?”

மருமகள் கொஞ்சம் யோசித்தாள்.

“அதுக்குத் தண்ணி ஊத்த வேண்டாமே மேடம். அப்புறம் மாமா காலையில எதுக்காக எழுந்திருப்பார்?”

பெரியவர் நாலாவது மக்கோடு வந்தார். சூப்பர்வைசர் காலைத் தூக்கி வழிவிட்டாள். பிறகு விசாரணைப் படிவத்தைத் தொடைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

‘வாடியதற்குக் காரணம்’ என்ற இடத்தில் எழுதினாள்: செடியில் குறை. மாற்றித் தரலாம்.

அதற்குக் கீழே ‘வீட்டில் பராமரிப்பு எப்படி?’ என்று கேட்டிருந்தது. அதில் மட்டும் அவள் பொய் எழுதவில்லை.

‘ரொம்ப நல்லா பார்த்துக்கறாங்க.’