கிளட்ச் மாஸ்டரின் மாணவி

"கிளட்ச்! கிளட்ச்! காலை எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

வேன் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. பின்னால் அலமாரிக்குள் தட்டுகள் கலகலத்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவி மறுபடி சாவியைத் திருகினாள்.

"நாலு மாசமா விடியக்காலையில எழுந்து வாக்கிங் போனே. உடம்பும் இளைக்கலை, காலுக்கு பலமும் வரலை. ஒரு பெடலை அமுக்கிப் பிடிக்க முடியலையா உன்னால?"

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் அவருக்குப் பெயரே கிளட்ச் மாஸ்டர். முப்பது வருஷத்தில் அவரிடம் திட்டு வாங்காமல் வண்டி கற்றுக்கொண்டவர்கள் யாரும் கிடையாது. கற்றுக்கொள்ளாமலே இருந்தது மனைவி ஒருத்திதான். எப்போதோ பேருக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். தவறாமல் புதுப்பிக்கவும் செய்தார். மற்றபடி அது பீரோவிலேயே தூங்கியது. "நான் இருக்கும்போது நீ எதுக்கு ஓட்டணும்?" என்பார்.

அதே மனிதர்தான் இப்போது அவளைக் கண்காணாத தேசத்துக்கு அழைத்து வந்து, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற இந்த வேனை வாடகைக்கு எடுத்து, சாவியை அவள் கையில் திணித்திருக்கிறார். அதுவும் சாலையின் மறுபக்கம் ஓட்டுகிற ஊரில்!

"எனக்கு இடுப்பு வலி. நீதான் ஓட்டணும்."

முதல் நாள் ஏழு தடவை வண்டி நின்றது. இரண்டாம் நாள் ரவுண்டானா நடுவில் நின்று, நாலு பக்கமும் ஹாரன் அடித்தார்கள். அவர் போட்ட சத்தம் அதைவிடப் பெரிது.

மூன்றாம் நாள் காலை, வேன்கள் தங்கும் மைதானத்தில் அவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, பக்கத்து வேன்காரப் பெண் வழிமறித்தாள். நம் மொழி பேசுகிறவள்.

"ஏன் சார், முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர் நீங்கன்னு அக்கா சொன்னாங்க. சும்மா உட்கார்ந்துக்கிட்டு அக்காவை இப்படிப் படுத்துறீங்களே, பாவமா இல்லை?"

"இடுப்பு வலிம்மா."

"இவ்வளவு பெரிய கேனைத் தூக்குறப்ப வலிக்கலையா?"

அவருக்குச் சுருக்கென்றது. கேனை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார்.

உண்மையைச் சொல்ல முடியாதே. அவருக்கு இடுப்பில் ஒன்றுமில்லை. கண்தான் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களில் ஏற்கெனவே இருட்டு. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேர் எதிரில் உள்ளது மட்டும்தான் தெரிகிறது. அதுவும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ரிப்போர்ட்டை மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்.

கண் முழுசாகப் போவதற்குள் பனிமலையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், தன்னைத் தவிர ஆளில்லாத இவள் நாளைக்கு ஒரு ஆட்டோவுக்காகத் தெருவில் நிற்கக் கூடாது. ஊரில் கற்றுக்கொடுத்தால் நூறு பேர் நூறு கேள்வி கேட்பார்கள். கையில் இருப்பது பத்தே நாள். பொறுமையாகக் கற்றுக்கொடுக்க நேரம் ஏது?

அன்று மலையேறினார்கள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வளைவில் மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. லாரியால் பின்வாங்க முடியாது. இவர்கள்தான் பின்னால் போக வேண்டும், ஒதுங்க இடமிருந்த திருப்பம் வரைக்கும். இருநூறு மீட்டராவது இருக்கும்.

"இறங்கு, நான்..." என்று சீட் பெல்ட்டில் கை வைத்தவர், பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் காசளவுதான் தெரிந்தது; சாலையோரமும் பாதாளமும் இருட்டுக்குள் போயிருந்தன. பெல்ட்டைக் கழற்றாமலே கையை எடுத்தார். இவளைக் கொண்டுவந்து இங்கே கொல்லப் போகிறோமே என்று நினைத்தார்.

"நீங்க உட்காருங்க" என்றாள் மனைவி.

ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வேன் பின்னால் நகர்ந்தது. உறுமவில்லை, குலுங்கவில்லை. அலமாரியில் ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. இரண்டு வளைவுகளை முடித்து, பாறையை ஒட்டிக் கச்சிதமாக ஒதுக்கி, ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். லாரிக்காரன் கையை உயர்த்திவிட்டுப் போனான்.

மாஸ்டருக்குக் கண்தான் மங்கல். காது மங்கவில்லை. கிளட்ச் பேசுகிற பாஷை அவருக்குத் தெரியும். இது மூன்று நாள் மாணவியின் கால் அல்ல.

"அந்த நாலு மாசம்... வாக்கிங் போகலையா நீ?"

"இல்லைங்க. பக்கத்துத் தெரு டிரைவிங் ஸ்கூல்ல ஆறு மணி கிளாஸ்."

"அப்படின்னா ரிப்போர்ட்..."

"என் லைசென்ஸுக்கு அடியில வெச்சிருந்தீங்க. அதை நான் எங்கே தொடப்போறேன்னு நினைச்சிட்டீங்க. மாசம் ஒரு தடவையாவது எடுத்து ஆசையாப் பார்ப்பேங்க. உங்களுக்குத்தான் தெரியாது."

அவர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு நல்லா ஓட்டுறவ, மூணு நாளா ஏன் வண்டியை நிறுத்தி நிறுத்தி என்கிட்ட திட்டு வாங்கினே?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரிப்போர்ட் வந்ததிலேருந்து நீங்க வீட்டுல குரலை உசத்திப் பேசவே இல்லைங்க. ஏழு தடவை வண்டியை நிறுத்தின பிறகுதான், என் பழைய மாஸ்டர் திரும்பி வந்தார்."