உறையில் இருந்த பெயர்

"மாமா, மாமி எங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டா."

கனடாவிலிருந்து மருமகன் இப்படிச் சொன்னதும் தம்பிராசா ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். கொமினிகேசன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றபடியே ஒரு கதிரையைத் தேடினார். கதிரை இல்லை.

"என்ன தம்பி கதை இது? மாமிக்கு இப்ப எப்பிடி?"

"ஹார்ட் அற்றாக். உடனை ஒப்பரேசன் வேணுமாம். ஆனா இன்சூரன்ஸ்காரர் கைவிரிச்சுப்போட்டினம்."

"ஏன்? மூண்டு மாச விசிட்டுக்கெண்டு நீர்தானே கட்டினீர்?"

"பழைய நோய் வருத்தத்தை மறைச்சு வந்தால் ஒரு சதமும் குடுக்கமாட்டினமாம். மாமியின்ர ஹான்ட்பாக்கில ஒரு மருந்து உறை அம்பிட்டிருக்கு. மாமியின்ர பேர், பிரசர்க் குளிசையின்ர பேர், ஸைனுலாப்தீன் டொக்டரின்ர சீல், எல்லாம் இங்கிலீசில. உள்ளுக்குக் குளிசை இல்லை, கராம்பு."

"அவளுக்குப் பிரசரா? முப்பத்துநாலு வருசமா அவளோட குடும்பம் நடத்துறன். தலையிடிக்கே கொத்தமல்லிதான் அவிச்சுக் குடிப்பாள்!"

"அப்ப வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு அந்த டொக்டரிட்டக் கடிதம் வாங்கி இண்டைக்கே ஃபக்ஸ் பண்ணுங்கோ. இல்லாட்டி நாங்கள் வீட்டை விக்கவேணும். இது சரிவந்தால் உங்களுக்கும் இன்சூரன்ஸ் போட்டு, அடுத்த கிழமையே கூப்பிடுறன். மாமி உங்களைத்தான் கேக்கிறா."

தம்பிராசா விறுவிறென்று நடந்தார். துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடம் ஸ்ரோர் கீப்பராக இருந்தவர். ஒரு ஆணி குறைந்ததில்லை. பொய் அவருக்கு ஆகாது. தாயாரின் நகை விசயத்தில் ஒரு பொய் சொன்னாள் என்று, சொந்த அக்காவோடேயே பதினொரு வருடமாகப் பேச்சில்லை. அவள் குடாவுக்கு அக்கரையில், ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கத்தின் பகுதியில் இருந்தாள். செத்தாளா பிழைத்தாளா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

டிஸ்பென்சறியில் கூட்டம் இல்லை.

"டொக்டர், கனடாவில புஸ்பராணியின்ர பையில உங்கட பிரசர் மருந்து உறை கராம்போட அம்பிட்டு, இன்சூரன்ஸ்காரர் காசு தரமாட்டினமாம். என்ர மனிசிக்குப் பிரசர் இல்லையெண்டு ரெண்டு வரி எழுதித் தாங்கோ."

ஸைனுலாப்தீன் டொக்டர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசை லாச்சியிலிருந்து மருந்துக் கொப்பியை எடுத்து விரித்தார்.

தை: புஸ்பராணி, பிரசர், முப்பது குளிசை. மாசி: புஸ்பராணி, பிரசர், முப்பது குளிசை.

பின்னுக்குப் புரட்டினால் நாலு வருடம். ஒரு மாதம் தப்பவில்லை.

தம்பிராசா கொப்பியைத் தள்ளிவிட்டார். "என்ர பக்கத்தில படுத்து எழும்பினவள்! எனக்கும் ஒளிச்சவளோ? கள்ளி! அங்கினையே கிடக்கட்டும்!"

"வார்த்தைய விடாதீங்க அண்ணன். கடைசிப் பக்கத்தையும் வாசிங்க."

புஸ்பராணி. கனடா போக முதல் நாள். பிரசர்: 120/80.

"நாந்தான் கையப் பிடிச்சுப் பாத்தன். குமர்ப்பிள்ளைர பிரசர். இந்தக் குளிசையில ஒண்டும் அவட வாய்க்குள்ள போனதில்ல."

"அப்ப ஆர் விழுங்கினது?"

டொக்டர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அக்கரைக்கு மருந்து போகப்படாது எண்டு சட்டம். மாசாமாசம் ஆமிக் காம்பில இருந்து வந்து இந்தக் கொப்பியப் பாக்கிறாங்க. டவுன் ஆக்கள்ட பேருக்குத்தான் நான் குளிசை குடுக்க ஏலும். அங்கால ஒரு நோயாளி. இங்க வரப் பாஸ் இல்ல. புஸ்பராணி அக்கா வந்து, 'என்ர பேரை எழுதுங்கோ' எண்டா. குளிசையக் கராம்புக் கடதாசிச் சரைக்குள்ள மறைச்சு மூதூர் போற லோஞ்சில குடுத்தனுப்புவா. மிச்சக் கராம்புதான் அந்த வெறும் உறைக்குள்ள கிடந்திருக்கும்."

"பிடிபட்டிருந்தால்?"

"அவவும் உள்ளுக்கு. நானும் உள்ளுக்கு."

சொல்லிக்கொண்டே டொக்டர் கடிதத்தை எழுதினார். நிறுத்தாமல், ஒரு பக்கம் முழுக்க. சீல் குத்தி நீட்டினார்.

"நடந்தத அப்பிடியே எழுதியிருக்கன். உண்மையச் சொன்னாத்தான் அங்க நம்புவாங்க. ஆனா இது இங்க வேற கையில பட்டா என்ட கதை முடிஞ்சுது. ஃபக்ஸ் பண்ணினதும் கிழிச்சிடுங்க."

தம்பிராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். அஞ்சாவது வரியை இரண்டு தரம் வாசித்தார்.

மருந்து உண்மையில் போனது: இலங்கைத்துறை, பாக்கியரத்தினம். வயது அறுபத்துமூன்று.

அவருடைய அக்கா.

"உங்களுக்கு மட்டும் சொல்லப்படாதெண்டு புஸ்பராணி அக்கா என்னட்டச் சத்தியம் வாங்கினவ" என்றார் டொக்டர்.

தம்பிராசா கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டி, வாசல் மட்டும் போனார். அங்கேயே நின்றார்.

"டொக்டர், இவள் கனடா போய் ரெண்டு மாசம். குளிசை?"

"போகக்குள்ள ரெண்டு மாசத்துக்கு அனுப்பிட்டுத்தான் போனா. இந்தக் கிழமையோட முடியும். பிறகு எடுக்க ஆளில்ல."

தம்பிராசா திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"கொப்பியை விரியுங்கோ. தம்பிராசா எண்டு எழுதுங்கோ. பிரசர். முப்பது குளிசை."

டொக்டரின் பேனை அந்தரத்தில் நின்றது. "எழுதினா அழியாது அண்ணன். கனடாவுக்குப் போக உங்களுக்கும் இன்சூரன்ஸ் கிடைக்காது. புஸ்பராணி அக்காவப் போய்ப் பாக்கிறேல்லையா?"

தம்பிராசா கண்ணைத் துடைத்தார்.

"அவள் கராம்பு எந்தக் கடையில வாங்கினவள், டொக்டர்?"