மார்கிட் சிஸ்டரின் அண்ணன்

"நீங்க பேசலைன்னா இந்தக் கூட்டத்துக்கே அர்த்தமில்ல சிஸ்டர்," என்றார் ஜோஸ்பின் டீச்சர்.

மார்கிட் சிஸ்டர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஹங்கேரியில் பிறந்த கன்னியாஸ்திரீ. திண்டுக்கல்லுக்கு வந்து பேகம்பூர்ப் பக்கம் ஏழைகளுக்கு மருத்துவமனை நடத்துகிறார். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி, தன் அண்ணனுக்காக மாதா கோயிலில் பூசை வைப்பார்.

1956-இல் அதே நாளில்தான் ஹங்கேரி மக்கள் ரஷ்யாவின் பிடியை எதிர்த்து எழுந்தார்கள் என்பது, வரலாறு நடத்தும் ஜோஸ்பினுக்குத் தெரியும். சிஸ்டரின் அண்ணன் அந்தப் புரட்சியில் உயிர்விட்ட தியாகி என்று ஊரெல்லாம் சொன்னதும் அவர்தான். சிஸ்டர் அதை மறுத்ததில்லை. இன்று முப்பதாம் ஆண்டு என்பதால் பள்ளிக்கூட ஹாலில் நினைவுக் கூட்டம்.

ஜோஸ்பினுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கம்யூனிஸ்ட்டான தோல் தொழிலாளர் சங்கத் தலைவர் பெருமாள்சாமி வருவதாகச் சொல்லியிருந்தார். ஹங்கேரியில் நடந்தது புரட்சியே இல்லை, வெளிநாட்டுச் சதி என்பது அவர் வாதம். வர வேண்டாமென்று ஜோஸ்பின் நேரில் போய்க் கேட்டும் பார்த்தார்.

"சிஸ்டர் எம்மகளைப் பொழைக்க வச்சவங்க டீச்சர். அந்த மரியாதை எப்பவும் உண்டு. ஆனா கேக்க வேண்டியதைக் கேக்காம இருக்க மாட்டேன்," என்று அனுப்பிவிட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசி வரிசையில் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் ஒருவழியாக எழுந்து பேசினார். வானொலி நிலையத்தின் முன்னால் திரண்ட மாணவர்கள், உள்ளேயிருந்து பாய்ந்த குண்டுகள், பிறகு வந்த டாங்கிகள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெருமாள்சாமி எழுந்தார்.

"ஒரே கேள்விதான் சிஸ்டர். உங்கண்ணனைச் சுட்டது யாரு?"

ஜோஸ்பின் குறுக்கிடப் போனார். சிஸ்டர் அவரைக் கையமர்த்தினார்.

"அவனை யாரும் சுடலைய்யா. நான் கட்டிக்கிறதா இருந்தவரு அந்த மாணவர் கூட்டத்துல நின்னாரு. உள்ள போலீசா நின்னு அவரைச் சுட்டது எங்கண்ணன். அவனை மன்னிக்க எனக்கு மனசு வரணும்னுதான் வருசா வருசம் பூசை வைக்கிறேன். இன்னும் வரலை."