மலையிலிருந்து ஒரு நன்றி

சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாந்தெலிஸ் இன்னும் மேடு ஏறிக்கொண்டிருக்கிறான். மீசை அரும்பாத பயல். கையில் ஒயின் ஊற்றுகிற பெரிய தகரப் புனல்.

கிரீஸ் நாடு இரண்டாகப் பிரிந்து தன்னைத்தானே சுட்டுக்கொண்டிருந்த குளிர்காலம் அது. ஊருக்குள் ராணுவம், மலையில் கலகக்காரர்கள். பொழுது சாயும்போது கலகக்காரர்களின் தலைவன் கெரவ்னோஸ், புனலை வாயில் வைத்து ஊரைப் பார்த்துப் பேசுவான். முகத்தை யாரும் பார்த்ததில்லை. கரகரத்த அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை.

கீழே பேசுவதற்கு மளிகைக்கடை ஸ்தெர்யோஸ் இருந்தார். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய வாசலில் நாற்காலி போட்டு ஏறிவிடுவார்.

“மலையில இருக்கிறவனுக்கு ஒரு வாய் ரொட்டி குடுத்தாலும் அந்தக் கையை வெட்டணும். அந்த லூக்காஸ் பசியில சாகட்டும். பெத்தவ இருந்து பார்க்கட்டும்.”

லூக்காஸ், பாந்தெலிஸின் அண்ணன்; மலையில் கலகக்காரர்களோடு இருந்தான். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

அதற்குத்தான் இந்தப் புனல். பாதிரியாரின் இருமலிலிருந்து லெப்டினன்ட்டின் அதட்டல்வரை பாந்தெலிஸுக்கு எல்லார் குரலும் அச்சாக வரும். கெரவ்னோஸ் வரமாட்டானா?

பனி மூட்டத்தில் ஆட்டுப்பட்டிச் சுவருக்குப் பின்னால் பதுங்கி, குரலைக் கரகரப்பாக்கினான்.

“தோழர் ஸ்தெர்யோஸ், நீங்க அனுப்பற ரொட்டி வந்து சேருது. ரொம்ப நன்றி. எடையில மட்டும் கை வைக்காதீங்க. நாங்க ஒண்ணும் உங்க கடை வாடிக்கை இல்ல.”

கீழே ஊரே கொல்லென்று சிரித்தது. பாந்தெலிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். புனலைப் புதரில் செருகிவிட்டு, மிச்சச் சிரிப்பைக் கிட்ட இருந்து பார்க்க இறங்கினான்.

சதுக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்தெர்யோஸின் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

“என்ன ஆச்சு?” சவரக்கடைக்காரரைக் கேட்டான்.

“எல்லாரும் சிரிச்சோம்டா. லெப்டினன்ட்டே சிரிச்சார். ‘வம்பு பண்றானுங்க, விடுங்க’ன்னார். இந்த மனுஷன் மட்டும் முகம் வெளுத்துக் கடைக்குள்ள ஓடினார். பின்னாலயே போய்ப் பார்த்தா, மாவு மூட்டைக்கு அடியில துணியில கட்டின ரொட்டி. மலைக்குப் போறதுக்கு.”

பாந்தெலிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனான்.

“ஐயா, அது கெரவ்னோஸ் இல்ல. நான்தான். விளையாட்டுக்குப் பண்ணினேன். வேணும்னா பேசிக் காட்டறேன்.”

லெப்டினன்ட் திரும்பினார். “நீயா? அப்ப ரொட்டி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”



ஸ்தெர்யோஸ் அவனையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, ஞாயிற்றுக்கிழமைக் குரலை எடுத்தார்.

“இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்? கெரவ்னோஸ்கிட்ட நேருக்கு நேர் பேசினவன் நான். அவன் குரல் எனக்குத் தெரியாதா? அண்ணன் துரோகி, தம்பி கோமாளி. விரட்டுங்க இந்த நாயை.”

ஒரு சிப்பாய் அவன் பிடரியில் ஒன்று வைத்து அம்மாவின் பக்கம் தள்ளினான். ஸ்தெர்யோஸை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

“ஏம்மா, வாரா வாரம் அண்ணனைச் சபிச்ச ஆள்தானே அவர்?” பாந்தெலிஸின் குரல் அவனுடையதாகவே இல்லை. “அவர் எதுக்கு மலைக்கு ரொட்டி அனுப்பணும்?”

அம்மா ஜீப் போன பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேரைச் சொல்லிச் சபிங்கன்னு அவர் கால்ல விழுந்து கேட்டதே நான்தான்டா. மாட்டேன்னுதான் சொன்னார். சபிச்சாத்தானே அவர் கடையில சோதனை போடமாட்டாங்க, உங்கண்ணனுக்கு ரொட்டி போகும்.”